பாட்டையும் பதிவோம், பாடியவர் பேரையும் பதிவோம்



மலையகத்து வாய்மொழி இலக்கியம் பற்றிய இன்றைய உரையை ஓர் ஒலிப்பதிவிலிருந்து தொடங்கலாம் என எண்ணுகிறேன். என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் மாணவி ஒருத்தி, தன் வீட்டில் தானே பாடிக் கையடக்கத் தொலைபேசியில் பதிந்த தாலாட்டு ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். ஹட்டனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்து லயத்துக் காம்பராவில் பதிந்தது. தகரக் கூரையில் மழை விழும் ஓசை கேட்கிறது. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் கேட்கிறது. பிள்ளை நல்ல குரலெடுத்துப் பாடுகிறாள். இரண்டாவது அடி முடியும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு முதிய குரல் குறுக்கிடுகிறது.

"இது புள்ளய தூங்க வைக்கிற பாட்டாடி, எழுப்பி விடுற பாட்டாடி?"

அதற்குமேல் சிரிப்பு. பதிவு நின்றுவிடுகிறது.

"சேர், எங்க அம்மாயி பேசுற எடத்த வெட்டிட்டுத் திரும்ப அனுப்பட்டுமா?" என்று மாணவி கேட்டாள். வெட்ட வேண்டாம் என்றேன். அந்தப் பதிவிலே மிகப் பெறுமதியான பகுதி அதுதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மாணவி அந்தப் பாட்டை இணையத்தில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துப் படித்திருந்தாள். அதில் பாட்டுக்குத் தாளக்கருவி சேர்த்து, கேட்பவர் காலை ஆட்டும்படி வேகம் கூட்டியிருந்தார்கள். அவளுடைய அம்மாயிக்கோ அந்தப் பாட்டின் தாளம் தொட்டிலிலே இருக்கிறது. கூரைச் சட்டத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டால், அது ஒரு முறை போய்த் திரும்ப வரும் நேரம் ஓர் அடிக்குச் சரியாக இருக்கும். கை மீண்டும் தள்ளும் இடத்தில் குரல் ஒரு கணம் நிற்கும். பாட்டை அளந்தது தொட்டில். தொட்டிலைக் கழற்றிவிட்டால் சொற்கள் அப்படியே இருக்கும், தாலாட்டு இருக்காது. இதை விளக்க நான் வகுப்பில் ஒரு பாடவேளை எடுத்துக்கொள்வேன். அந்த மூதாட்டி ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

இன்று மலையகத்து இளைஞரும் யுவதிகளும் நாட்டார் பாடல்களை வீட்டிலேயே பாடிப் பதிந்து, வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் யூடியூப்பிலும் பகிர்கிறார்கள். பிறர் பாடிய பாட்டைத் தாம் பாடிப் பதிவதைக் 'கவர்' என்று சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. திரைப்பாடலுக்கு இந்தச் சொல் பொருந்தும். அங்கே மூலம் என்று ஒன்று உண்டு. இசையமைத்தவர் யார், முதலில் பாடியவர் யார், எந்த ஆண்டு வந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். நாட்டார் பாடலுக்கு அப்படி ஒரு மூலம் கிடையாது. ஒருவர் பாடியதைக் கேட்டு மற்றவர் பாடுவதும், பாடும்போது ஒரு சொல்லை மாற்றுவதும், ஓரடியைக் கூட்டுவதும்தான் அதன் பிறப்பும் வளர்ப்பும். அந்த வகையில் நாட்டார் பாடல்கள் எல்லாமே மறுபாடல்கள்தான். ஆகவே பிள்ளைகள் பாடிப் பதிவதைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை. பாடாமல் விடுவதுதான் குறை.

நம்முடைய மலைகளில் இந்தப் பாடல்களின் ஆயுளைப் பாருங்கள். இலங்கையில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அநேகமாக அழிந்துபோயிற்று. கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. ஆனாலும் கோப்பிக் கன்று நட்ட காலத்தின் பாடல்கள் கோப்பியைக் கண்ணால் காணாத தலைமுறைகளின் வாயிலும் வாழ்ந்தன. கோப்பி மலையிலே அண்ணனைப் பறிகொடுத்த தங்கை ஒருத்தி, தூரத்தில் தெரியும் அந்த மலையைக் கைநீட்டிக் காட்டிப் பாடும் பாட்டை மலையகத்தில் அறியாதவர் குறைவு. பயிர் போய்விட்டது, பாட்டு நின்றது.

அது நின்றதற்குக் காரணம் வாய்மொழி மட்டுமன்று, ஏட்டில் எழுதிவைத்தவர்களும் காரணம். இவ்விடத்தில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். தோட்ட மக்களின் வாயிலிருந்து அவர் திரட்டிய பாடல்கள், 1984இல் அவர் மறைந்த பின்னர், 1987இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக வெளிவந்தன. அவருக்குப் பின் சாரல்நாடன், மு. சிவலிங்கம் முதலானோரும் இந்தத் துறையில் உழைத்தார்கள். அவர்கள் எழுதிவைத்திராவிட்டால் இன்று வகுப்பில் கற்பிக்க என்னிடம் பாதிப் பாடல்கள்கூட இருந்திரா.

எனினும் அச்சிலே ஏறாதவை சில உண்டு. முதலாவது வேகம், தொட்டில் உதாரணத்தில் அதைக் கண்டோம். இரண்டாவது மூச்சும் மறுமொழியும். மலையில் கொழுந்து பறிக்கும்போது ஒரு நிரையில் நிற்பவள் ஓரடி எடுத்துவிட, தூரத்து நிரையில் நிற்பவள் பதில் அடி சொல்லுவாள். எடுத்த அடி காற்றில் அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அடியின் கடைசி எழுத்து நீளும். ஒப்பாரியில் அழுகையின் விம்மல் இசையின் ஒரு பகுதியாகவே நிற்கும்; அதை எழுத நம்மிடம் எழுத்துக் கிடையாது. மூன்றாவது சந்தர்ப்பம். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்போசையோடு கேட்கும் பாட்டைப் புத்தகத்தில் படிப்பவருக்குத் தப்பும் தெரியாது, சுற்றிநிற்கும் சனமும் தெரியாது. இந்த மூன்றையும் காப்பாற்றக்கூடியது ஒலிப்பதிவு. சி.வி. வேலுப்பிள்ளை காலத்தில் நாடாப் பதிவுக்கருவி தோட்டத்து மக்களின் கைக்கு எட்டாத பொருள். இன்று கொழுந்துக் கூடை சுமப்பவரின் மடியிலும் பதிவுக்கருவி இருக்கிறது.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டுமென இரு அரசுகளும் முடிவு செய்தன. கேட்கப்படாமலே மக்கள் பங்கிடப்பட்டார்கள். தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தது. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு இப்பெயரையே சூட்டினார். என் அப்பாயியின் தங்கையும் அப்படித்தான் போனார். ஹட்டன் ஸ்டேசனில் அன்று தங்கையைக் கட்டிக்கொண்டு சொல்லி அழுததை, பல வருடம் கழித்து ஒருநாள் அப்பாயி பாடிக்காட்ட, என் சித்தப்பா அதை ஒலிநாடாவில் பதிந்துவைத்தார். யாரும் அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக நாடாவின் மேல்விளிம்பில் உள்ள சிறு தகடுகள் இரண்டையும் உடைத்தும் வைத்தார். அந்தக் காலத்து ஒலிநாடாவுக்கு அதுதான் பூட்டு.

அந்தப் பூட்டுக்குத் திறப்பு எது என்பதும் அந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியும். உடைந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தால் மறுபடியும் பதியலாம். எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. நாடாவின்மேல் பெயரோ குறிப்போ ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் காகிதத்தைத் திணித்து, இருபுறமும் சினிமாப் பாட்டுப் பதிந்தேன். அப்பாயி அதற்கு முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். என்ன நடந்தது என்று தெரிந்தபோது அப்பா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாடாவை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். இன்றும் இருக்கிறது. அதில் அப்பாயி இல்லை.

அன்று அந்த நாடாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, அப்பாயியின் பேரையும் பாட்டின் காரணத்தையும் எழுதியிருந்தால் என் கை தயங்கியிருக்கும். இன்று தொலைபேசியில் எண்களைப் பெயராகக் கொண்டு கிடக்கும் நூற்றுக்கணக்கான பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாடாதான் நினைவுக்கு வருகிறது. இடம் போதாதென்று ஒருநாள் யாரோ அழித்துவிடுவார்கள், அது யாருடைய குரல் என்று அறியாமலே.

பேர் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு வெளியுலகிலிருந்து ஒரு சான்று. 1937இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மிடில்ஸ்பரோ என்ற சுரங்கப் பட்டினத்தில், அலன் லோமக்ஸ் என்ற சேகரிப்பாளர் பதிவுக்கருவியோடு ஒரு வீட்டுக்குப் போனார். ஜோர்ஜியா டேர்னர் என்ற பதினாறு வயதுப் பெண், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள், அங்கே ஒரு பழம்பாட்டைப் பாடினாள். 1964இல் 'த அனிமல்ஸ்' என்ற ஆங்கில இசைக்குழு பாடி உலகப் புகழ்பெற்ற 'உதயசூரிய வீடு' பற்றிய பாட்டு அதுதான். லோமக்ஸ் அன்று அவளுடைய பேரையும் ஊரையும் குறித்துவைத்ததால்தான், ஒரு தொழிலாளர் வீட்டில் பாடப்பட்ட பாட்டு எந்த வழியால் உலகத்துக்குப் போயிற்று என்பதை இன்று நாம் பின்தொடர முடிகிறது.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'என்ஜாய் என்சாமி' பாடலை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அதை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர். ஒப்பாரியின் குரல் கலந்த அந்தப் பாடலின் காணொளியில் அவரும் தோன்றுகிறார், பாட்டுக்குள்ளே அவர் பேரும் இருக்கிறது. 2022இல் பாடலின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் பகிரங்கமாக எழுந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. வள்ளியம்மாளின் பேர் பாட்டிலேயே பதிந்துகிடப்பதால், எந்த விவாதத்திலும் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 24ஆம் பிரிவில், நாட்டார் வழக்குகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவற்றை அச்சிலோ பொதுமக்களுக்கோ வெளியிடும்போது, அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. வீட்டில் சொந்தப் பாவனைக்குப் பாடிப் பதிவதை அது தடுப்பதில்லை. வியாபாரத்துக்கு எடுப்பதுதான் வேறு கதை. சட்டம் ஊரைக் கேட்கிறது. நான் ஊரோடு சேர்த்து ஆளையும் கேட்கிறேன்.

இனி, வீட்டில் பாடிப் பதிபவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, பாட்டுக்கு முன்னால் அரை நிமிடம் பேசுங்கள். இன்ன தேதி, இன்ன தோட்டம், இன்ன டிவிசன், பாடுபவர் இன்னார், யாரிடம் கேட்டுப் படித்தது, எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது. இவ்வளவும் பாட்டோடு ஒரே பதிவில் இருக்கட்டும். தனியே எழுதிய குறிப்பு தவறிப்போகலாம், குரலோடு ஒட்டிய குறிப்பு பாட்டு போகும் இடமெல்லாம் கூடப் போகும்.

இரண்டாவது, உங்கள் குரலுக்கு முன்னால் மூத்தவர் குரலைப் பதியுங்கள். பிறகு நீங்கள் பாடுங்கள். இரண்டையும் வைத்திருங்கள். தாளக்கருவி சேர்த்து மூன்றாவதாக ஒன்று செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலே தொழிலாளர் உரிமையைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடினார். பழைய மெட்டில் புதிய காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. ஆனால் புதியதைச் செய்வதற்காகப் பழையதை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, சொல்லைத் திருத்தாதீர்கள். 'தொர' என்று பாடினால் 'துரை' என்று மாற்ற வேண்டாம். 'பெரட்டு', 'பீலி', 'கோப்பி' என்பவை பிழையான தமிழ் அல்ல, இந்த மலைகளின் தமிழ். தமிழ் கற்பிக்கும் என்னைப் போன்றவர்களே இந்தத் தவற்றை அதிகம் செய்திருக்கிறோம்.

நான்காவது, ஒப்பாரியில் அவதானம் தேவை. விளக்கு வைக்கும் வீட்டுக்குள் சாவுப்பாட்டுப் பாடக் கூடாது என்பது நம்மவரின் நம்பிக்கை. பாடச்சொல்லி வற்புறுத்தினால், முதலில் பாடமாட்டார்கள். மனம் இரங்கிப் பாடிவிட்டால், அந்த இரவெல்லாம் கலங்குவார்கள். வெளியே பீலிக்கரைப் பக்கம் போய்ப் பாட விரும்பினால் அங்கே பதியுங்கள். மெட்டில்லாமல் வார்த்தையை மட்டும் சொல்ல விரும்பினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, பதிவதற்கு ஒரு சம்மதமும் பகிர்வதற்கு இன்னொரு சம்மதமும் வாங்குங்கள். பழைய பாட்டுகளில் கங்காணியின் பேர் வரும், அடுத்த வீட்டுச் சண்டை வரும், சாதியைச் சொல்லும் இழிசொல்லும் வரும். வீட்டுக்குள் பாடியவர் அது ஊரெல்லாம் கேட்கும் என்று எண்ணிப் பாடியிருக்கமாட்டார்.

கடைசியாகப் பாதுகாப்பு. வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்தால் ஒலி சுருங்கிவிடும். தொலைபேசியின் பதிவுச் செயலியில் பதிந்து, ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது. கோப்புக்குப் பாட்டின் பேரையும் ஆளின் பேரையும் இடுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் 'நூலகம்' நிறுவனம் இலங்கைத் தமிழர் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் இணையத்தில் பேணிவருகிறது. உங்களுடைய தொலைபேசி பழுதானாலும் பாட்டு பிழைக்க அது ஒரு வழி.

இவ்வாறெல்லாம் செய்வதால் என்ன நடக்கும்? மீண்டும் அந்தத் தாலாட்டுக்கு வருகிறேன். மாணவி தன் அம்மாயியிடம் பாட்டை ஒழுங்காகக் கேட்டுப் படித்து, முன்னால் விபரம் சொல்லி, மறுபடியும் பதிந்தாள். தோட்டத்து உறவினர் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது யார் யார் கைமாறியோ நீலகிரிக்குப் போயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் என்ற பேரில் நம் மக்கள் குடியேறியிருப்பது நீங்கள் அறிந்ததே. சில வாரங்கள் கழித்துக் கூடலூரிலிருந்து பதில் போல ஒரு பதிவு வந்தது. மாணவி சொன்ன தோட்டத்தின் பேரைக் கேட்டுவிட்டு, அதே தோட்டத்தில் பிறந்த ஒரு வயோதிபப் பெண் அதே தாலாட்டைப் பாடியிருந்தார். தோட்டத்தின் பேர் பதிவில் இல்லாதிருந்தால் அவர் பாடியிருக்கவே மாட்டார்.

பாட்டு ஒன்றுதான், ஓரிடம் மட்டும் வேறு. இங்கே பாடும்போது குழந்தைக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமன் கண்டியிலிருந்து வருகிறான். அங்கே பாடும்போது அவன் கடலுக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்டவன். கப்பலேறி வருவான் என்று தாய் குழந்தைக்குச் சொல்கிறாள். 1964க்குப் பிறகு அக்கரை போன ஒரு தாய் இங்கே விட்டுவிட்டு வந்த தன் சகோதரனை நினைத்து மாற்றிய அடி அது. தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் சேவை 1984இல் நின்றுபோயிற்று. பாட்டிலே மட்டும் மாமன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். ஒப்பந்தம் பற்றிய எந்த நூலிலும் அந்தத் தாயின் பக்கத்தை நான் இவ்வளவு துலக்கமாகக் கண்டதில்லை.

மாணவியின் அம்மாயிக்கு அதைப் போட்டுக் காட்டினோம். இரண்டு முறை கேட்டார். "ஆட்டுறது சரியா இருக்கு" என்றார். பிறகு, "இது யாரு பெத்த புள்ள? அப்பன் பேரு கேளு, தெரிஞ்சவுகளா இருக்கும்" என்றார்.

பாட்டைக் கேட்டதும் அவருக்கு முதலில் தேவைப்பட்டது பேர்தான். நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருப்பார். மழை விட்ட ஒரு மாலையில் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர் பேரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாடச் சொல்லுங்கள்.